செல்வியின் கணிப்பொறியில் எல் ஆங்கிளை முன்னால் வைத்தது பற்றி அத்தானுக்கு விளக்கம்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்,
திருவொற்றியூர்.
புதன்கிழமை, முதல் போணிக்கு முன்.

வள்ளியூர் சிமெண்ட் வியாபாரத்தின் தூணும், என் அக்காவைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் தாக்குப்பிடித்த பொறுமைசாலியுமான அத்தான் ராசையா அவர்கள் சமூகத்துக்கு, மச்சினன் இசக்கிப்பாண்டி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கச்சியும் கடையும், கடைக்கு முன்னால் போன மழைக்குத் தேங்கிய தண்ணீரும் சௌக்கியம். அங்கு நீங்களும் அக்காவும், உங்கள் சர்க்கரையும் உங்கள் கோபமும் எந்த அளவில் இருக்கின்றன என்று அறிய ஆவல்.

நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் என் படமே உங்களுக்குத் தெரியாதபடி செய்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆகவே கடிதம். உங்கள் ஊருக்குக் கம்பி ஏற்றிக்கொண்டு புறப்படும் நம் டிரைவர் உச்சிமாகாளி கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் கொடுத்தால் வாங்கித்தான் ஆக வேண்டும், கம்பியும் கூட வருகிறது. விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை உங்கள் மகள் செல்வி அழுதுகொண்டே உங்களுக்குப் போன் போட்டு, “மாமா என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டாவ” என்று சொன்னாள் என்றும், நீங்கள் “போட்டது போதும், வெள்ளிக்கிழமை ரயிலேறி வந்து கூட்டிட்டு வந்துருதேன், ஊருல வந்து கல்லாவுல உக்காரு” என்று சொன்னீர்கள் என்றும் அக்கா என் வீட்டுக்காரியிடம் சொல்லி, அவள் அதை என்னிடம் சொன்னாள். அவள் சொன்ன தொனியைத் தாளில் எழுத முடியாது, தாள் தாங்காது. அந்த ரயில் டிக்கெட்டை நீங்கள் ரத்து செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் உண்மையை உண்மையாக, நான் எப்போதும் போலக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

செல்வியை என் வீட்டில் விட்டபோது நீங்கள் போட்ட நிபந்தனை எனக்கு மறக்கவில்லை. ஆறு மாதம் தற்காலிகம், வேலை நிரந்தரமானால் சென்னை, ஆகாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வள்ளியூர். அவள் வேலை என்னவென்றால், கப்பலில் வரும் கண்டெய்னர் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று கணிப்பொறியே சொல்லுமாறு செய்வது. நடுக்கடலில் இருந்தாலும் சொல்லும், துறைமுகத்தில் இருந்தாலும் சொல்லும். எண்ணூர் ரோட்டில் வரிசையில் நிற்கிற லாரியைக்கூடக் கண்டுபிடித்துவிடும், நகர்த்தத்தான் அதற்கும் தெரியாது. வீட்டுத் தெருவை வடிகாலுக்குத் தோண்டியதில் இன்டர்நெட் அறுந்துபோனதால், அவள் என் கடைக் கண்ணாடி அறையில்தான் உட்கார்ந்து வேலை செய்கிறாள். ஏசி இருக்கிறது, ஓடாது. ஆனால் மரியாதை இருக்கிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அந்த வேலையை முக்கால்வாசி கற்றுக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை ஆழமாகப் படித்தவனுக்கு இது பெரிய விஷயம் இல்லை.

இந்தப் பிள்ளைகள் புரோகிராம் எழுதத் திரையில் ஒரு கருப்புப் பலகை வைத்திருக்கிறார்கள், எடிட்டர் என்று பெயர். அதில் இரண்டு எழுத்து தட்டினால் போதும், மூன்றாவது எழுத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி இறங்கி, இதுவா, அதுவா, இல்லை இதுவா என்று வரிசை கட்டிக் காட்டும். என்டர் தட்டினால் முதலில் நிற்பதை அதுவே எழுதி முடித்துவிடும். ஆட்டோ கம்ப்ளீட் என்று சொல்லி உலகமே வியக்கிறது. அத்தான், நான் இதை வெறும் வாயால் செய்துகொண்டிருக்கிறேன். வந்தவர் “எட்டு” என்று வாயைத் திறப்பதற்குள் “எட்டு எம்எம் கம்பி, எத்தனை டன்?” என்று கேட்பவன் நான். ஒருவர் கொட்டாவி விட்டதற்கே பில் போட்டிருக்கிறேன், அவரும் எடுத்துக்கொண்டுதான் போனார். ஆகவே அந்தப் பெட்டியைக் கவனித்தேன். கவனித்தால் வயிறு எரிந்தது. அவள் தட்டும்போது சில சமயம் அது “நோ சஜஷன்ஸ்” என்று கையை விரிக்கிறது. அதாவது இல்லை என்கிறது! நம் ஆட்களில் யாராவது வாசலுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறோமா? உங்கள் அப்பா உப்பு தீர்ந்த நாளில்கூட “உப்பு நிறைஞ்சிருக்கு, நாளைக்கு வாங்க” என்று அனுப்பியவர். நான் “லாரி வழியில இருக்குண்ணே” என்பேன். இரும்பு இன்னும் மலையைவிட்டே இறங்காமல் இருந்தாலும் லாரி வழியில்தான் இருக்கும். இது ஒரு குறை என்றால், வரிசை அதைவிடக் கொடுமை.

“ஏ செல்வி, இந்தப் பெட்டியில யாரு முன்னால நிக்கணும்னு யாரு தீர்மானிக்கா?” என்று கேட்டேன்.

“நாமளே மாத்திக்கிடலாம் மாமா. நான் அடிக்கடி எழுதுததை எல்லாம் சுருக்கமா செஞ்சு வச்சிருக்கேன். ரெண்டு எழுத்து அடிச்சா பத்து வரி வந்துரும், அதுதான் மேல நிக்கும்.”

“அப்பம் ஓடுத சரக்குதான் முன்னாலயா?”

“ஆமா, அதான வேணும்.”

“வெளங்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஓடுகிற சரக்கு எங்கே வைத்தாலும் ஓடும் அத்தான். என் கடையில் டிஎம்டி கம்பி கடைசிக் கோடியில்தான் கிடக்கும். கேட்டு வருகிறவர் அதுவரை நடக்க வேண்டும், வழியில் விற்காத எல் ஆங்கிள் இரும்புச் சட்டம் அவர் முழங்காலில் இடிக்க வேண்டும். இடித்ததைத் தடவிக்கொண்டே “இது என்ன விலை?” என்பார். இதுதான் வியாபாரம். இதை அந்த எடிட்டரைச் செய்தவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பாவம்.

சனிக்கிழமை செல்வியோடு வேலை பார்க்கும் ராயபுரத்துப் பெண் ஃபரா வந்திருந்தாள். செல்வி போனில் பேசிக்கொண்டிருந்த இடைவெளியில், சும்மா தெரிந்துகொள்கிறவனைப் போல அவளிடம் கேட்டேன். “சிம்பிள் அங்கிள், இந்த ஃபைல்ல எழுதி சேவ் பண்ணா போதும், நீங்க எழுதினது லிஸ்ட்ல ஃபர்ஸ்ட் வந்து நிக்கும்” என்று சொல்லி, இரண்டு எழுத்து தட்டினால் வணக்கம் என்று வரும்படி செய்தே காட்டினாள். ஃபரா மேல் எந்தத் தப்பும் இல்லை. அவள் கதவைக் காட்டினாள், உள்ளே போனது நான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் தங்கச்சியும் செல்வியும் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனார்கள். லேப்டாப் கண்ணாடி அறையில் இருந்தது. அதன் பாஸ்வேர்டு என் கடைப் பெயர்தான், பிள்ளைக்கு என் மேல் அவ்வளவு பாசம். உட்கார்ந்து ஏ முதல் இசட் வரை ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சரக்கு அடுக்க ஆரம்பித்தேன். இனி எதைத் தட்டினாலும் பெட்டி கையை விரிக்கக் கூடாது. அப்போது என் தோஸ்து, காசிமேட்டுப் படகுக்காரன் பொன்ராஜ் வந்தான்.

“இன்னா மாமு, பாப்பா பொட்டியத் தொறந்து இன்னா நோண்டிகினு கீற?”

“நோண்டலடா, ரேக் அடுக்குறேன். நாளைக்கு ஹாலந்துக் கம்பெனிக்காரன் ரெண்டு பேர் ஸ்கிரீன்ல உக்காந்து இவ எழுதுறதப் பாக்கப்போறான். அதுல ஜெயிச்சாத்தான் வேலை நிரந்தரம்.”

“வெள்ளக்காரன் பாக்கப்போறானா? அப்ப உன் கட பேர எய்தேன் மாமு! ஓசில போர்டு வச்சா மாரி.”

சத்தியமாக அதுவரை எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஆனால் நல்ல யோசனை யார் சொன்னாலும் எடுத்துக்கொள்வது என் சுபாவம்.

“அப்டியே நம்ம போட் இன்ஜினயும் ஒரு ஓரமா போடு” என்றான் பொன்ராஜ். “வாங்க ஆளில்லாம கலீஜா கெடக்குது.”

“அது ஓடாதேடா.”

“ஓடாதுன்னு நீ ஏன் மாமு எய்தற? கண்டிஷன்னு மட்டும் எய்து. இன்னா கண்டிஷன்னு அவன் கேக்கட்டும்.”

எழுதினேன். ஏ என்று தொடங்கினால் ஆங்கிள், அதாவது எல் ஆங்கிள். பி என்றால் போட் இன்ஜின். இந்தப் பிள்ளைகள் ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதற்கு “நல்” என்று ஓர் ஆங்கில வார்த்தை எழுதுகிறார்கள், கடைக்குள் அப்படி ஒரு வார்த்தை நுழையவே கூடாது. அதனால் அந்த எழுத்துகளைத் தட்டினால் “ஸ்டாக் ஆன் தி வே” என்று வரச் செய்தேன். எல்லாம் ஏற்றி முடித்ததும் ஃபைல் முழுக்கச் சிவப்புக் கோடு இழுத்தது. எங்கோ ஒரு கால்புள்ளி குறைவாம், எங்கோ ஓர் அடைப்புக்குறி கூடுதலாம். இட நெருக்கடி என்று புரிந்துகொண்டேன். ஏற்கெனவே அதில் செல்வி அடுக்கி வைத்திருந்ததை மொத்தமாக வெளியே தள்ளிவிட்டு, ஃபரா எழுதிக் காட்டிய வணக்கத்தைப் பார்த்து அதே அச்சில் என் சரக்கை மறுபடி ஒவ்வொன்றாக ஏற்றினேன். சிவப்பு போய்விட்டது. கோடவுனைக் கழுவிவிட்டதுபோல ஒரு நிம்மதி. அது பிள்ளை ஆறு மாதமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பொன்ராஜும் சொல்லவில்லை, அவன் இன்ஜின் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தான்.

திங்கட்கிழமை. மேலே ஆபீஸ் சட்டை, கீழே வீட்டுப் பாவாடை என்று செல்வி கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுடைய மேனேஜர் அலெக்ஸாண்டர் தரமணியிலிருந்து ஒரு கட்டத்தில் தெரிந்தார், இன்னொரு கட்டத்தில் ஹாலந்துக்காரர்கள் மூன்று பேர், பார்த்தாலே பழைய ராஜ வம்சம் மாதிரி இருந்தார்கள். நான் பின்னால் ஒரு ஓரமாக, கேமராவுக்குப் பாதி மட்டும் தெரியும்படி நின்றேன். செல்வி இரண்டு எழுத்து தட்டினாள். பெட்டி இறங்கியது. கண் பார்ப்பதற்குள் பழக்கத்தில் விரல் என்டரைத் தட்டிவிட்டது. புரோகிராமுக்கு நடுவில் கொட்டை எழுத்தில் என் சரக்கு வந்து நின்றது: இசக்கி ஸ்டீல்ஸ், சாத்தாங்காடு, எல் ஆங்கிள், லேசான துரு, பரவாயில்லை.

“செல்வி, லேசான துருன்னா என்ன?” என்று கேட்டார் அலெக்ஸாண்டர்.

செல்வி அவசரமாக அழித்துவிட்டு வேறு எழுத்தைத் தட்டினாள். போட் இன்ஜின் வந்தது. ஹாலந்துக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டி, “கண்டிஷன்?” என்று படித்தார். பிள்ளை திணறுகிறதே என்று நான் தலையை உள்ளே நீட்டி, “சார், தட் இஸ் மை ஃபிரெண்ட் பொன்ராஜ், குட் மேன்” என்று தைரியம் சொன்னேன். செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டி எதை எழுதுகிறது என்று பார்க்கக்கூட நேரமில்லாமல் மேலே எழுதிக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் அவர்கள், உலகத்திலேயே இல்லாத ஒரு கண்டெய்னர் எண்ணைக் கொடுத்துத் தேடிக் காட்டச் சொன்னார்கள். இல்லாததை இல்லை என்று சொல்கிறதா என்று பார்ப்பதற்காம், என்ன குரூரமான சோதனை பாருங்கள். அவள் ஓடவிட்டாள். திரையில் பளிச்சென்று வந்தது: ஸ்டாக் ஆன் தி வே.

ஹாலந்துக்காரர் முன்னால் சாய்ந்து, எப்போது வரும் என்று கேட்டார்.

“ஈவினிங் சார்” என்றேன் நான். அத்தான், உங்கள் மேல் சத்தியம், நான் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது.

அலெக்ஸாண்டர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். செல்வி திரும்பாமலேயே, சத்தமே இல்லாமல், “வெளிய போங்க மாமா” என்றாள். என் சொந்தக் கடையில், என் சொந்தக் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தேன். கதவு சரியாக மூடாது என்பதால் எல்லாம் கேட்டது. “வேற நாள் வச்சுக்கலாமா செல்வி?” என்றார் அலெக்ஸாண்டர். “வேண்டாம் சார், இப்பமே முடிச்சிருதேன்” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெட்டியையே மொத்தமாக நிறுத்திவிட்டாள். என் சரக்கும் இறங்கவில்லை, அவள் சரக்கும் இறங்கவில்லை, முழுக் கடைக்கும் ஷட்டர். பிறகு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தாள். தகரக் கூரையில் மழை விழுந்ததுபோல ஒரு சத்தம். அந்த நேரம் பார்த்து எதிர்க்கடைக்கு ஒரு லாரி கம்பி இறக்க வந்தது. இறக்கினால் இடி விழுந்த மாதிரி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் லாரிக்குக் குறுக்கே படுத்துவிட்டேன். படுத்தேன் என்றால், கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

“இன்னா நைனா, ஸ்ட்ரைக்கா?” என்றார் லோடுமேன்.

“பிள்ளை பரீட்சை எழுதுது, ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது.”

“கம்பிய எறக்காம கைலயே வச்சிகினு இருக்கச் சொல்றியா?” என்று திட்டினாலும் அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு கட்டிங் மெஷின் நின்றது. அப்புறம் பக்கத்துக் கடை நின்றது. மொத்த இரும்பு மார்க்கெட்டும் நின்றது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எழுதி முடித்து, அதே இல்லாத எண்ணைப் போட்டு மறுபடி ஓடவிட்டாள். அப்படி ஒரு கண்டெய்னர் இல்லை என்று திரை முகத்தில் அடித்ததுபோலச் சொன்னது. ஹாலந்துக்காரர்கள் ஐந்து பேரும் கைதட்டினார்கள். இல்லை என்று சொன்னதற்குக் கைதட்டு வாங்கிய வியாபாரத்தை அன்றுதான் அத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அவள் லேப்டாப்பை மூடிவிட்டு அழுதாள், உங்களுக்குப் போன் போட்டாள். அழுதது முடிவு தெரிவதற்கு முன்னால். முடிவு நேற்றுச் சாயங்காலம் வந்தது. நிரந்தரம்! அலெக்ஸாண்டர் அவரே போன் செய்து, “இந்தக் காலத்துல எல்லாரும் அந்த லிஸ்ட்டை நம்பித்தான் எழுதுறாங்க, அதை எடுத்துட்டா கையைக் கட்டிட்டு உக்காந்துடுறாங்க, நீ எல்லாத்தையும் தலைக்குள்ள வச்சிருக்கியேம்மா” என்று பாராட்டினார். அந்த லிஸ்ட்டை எடுத்தது யார் என்று அவர் சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் அந்த ரேக்கை அடுக்காமல் இருந்திருந்தால் உங்கள் மகளும் நாலு பேரைப்போலப் பட்டனைத் தட்டிவிட்டுப் போயிருப்பாள், தலைக்குள் இருந்தது தலைக்குள்ளேயே இருந்திருக்கும். இதை நான் செல்வியிடமும் சொன்னேன். அவள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது, “மாமா, அந்த லாரி முன்னால நீங்கதான் நின்னியளா?” என்று கேட்டாள். “நானா? படுத்தேன்” என்றேன். ஒரு துண்டு வஞ்சிரத்தை என் தட்டில் கூடுதலாக வைத்தாள். முள்ளில்லாத நடுத்துண்டு.

ஆகவே அத்தான், நீங்கள் வெள்ளிக்கிழமை வர வேண்டியதில்லை. வேலை நிரந்தரம், நிபந்தனை நிறைவேறிவிட்டது, வாக்கு மாறுவது உங்கள் குடும்பத்துக்கு அழகல்ல. இன்னும் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலம் மாறிவிட்டது. பெண்பிள்ளை என்றால் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்த்தி வைக்கிற சரக்கு என்று நினைக்கக் கூடாது. படித்த பிள்ளையைப் பறக்கவிட வேண்டும். வேலை எங்கே கூப்பிடுகிறதோ அங்கே போகட்டும், டெல்லியோ துபாயோ, பெற்றவர்களும் மாமன்மார்களும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். பாசம் என்பது பிடித்து வைத்துக்கொள்வதில் இல்லை. இது என் சொந்தக் கருத்து, இந்த மார்க்கெட்டிலேயே என்னைவிட முற்போக்கான ஆள் கிடையாது என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

அக்காவின் காலில் விழுந்ததாகச் சொல்லவும். உங்கள் சர்க்கரை இறங்கவும் சிமெண்ட் விலை ஏறவும் வடிவுடையம்மனை வேண்டிக்கொள்கிறேன். என் போட்டோவை மறுபடி உங்கள் போனில் தெரிய அனுமதிக்கவும், புதிதாக எடுத்தது, நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மகளின் முன்னேற்றத்துக்கு இருட்டில் விளக்காக நிற்கும்,
மச்சினன்
சு. இசக்கிப்பாண்டி
இசக்கி ஸ்டீல்ஸ்

பின்குறிப்பு: உச்சிமாகாளி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார், வேறு கடிதம் எழுத நேரமில்லை, அதனால் இதிலேயே எழுதுகிறேன். செல்வி இப்போதுதான் அந்த நிரந்தர ஆர்டரின் இரண்டாம் பக்கத்தைக் காட்டினாள். அடுத்த மாதம் முதல் புனேயாம் அத்தான், புனே! அங்கே என்ன மீன் கிடைக்கும்? வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இதைப் படித்த கையோடு எந்த ரயில் கிடைக்கிறதோ அதில் ஏறி வந்து, நிபந்தனையாவது ஒன்றாவது என்று நாலு சத்தம் போட்டு இவளைத் தடுக்கவும். பெண்பிள்ளைக்கு எதற்கு வேலை? வள்ளியூருக்கே கூட்டிக்கொண்டு போனாலும் சரி, தீபாவளி பொங்கலுக்காவது பார்க்கலாம். மேலே எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம், நீங்களும் படித்திருந்தால் மறந்துவிடவும். முக்கியமாக, நான் வரச் சொன்னேன் என்று செல்வியிடம் மூச்சு விடக் கூடாது. நான் ஸ்வீட் வாங்கப் போயிருக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.